முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: நைட்ரோவா எலெக்ட்ரிக்கா என்று தெரியாமல் நான் இழந்த ஐந்து மாதங்கள்

2024 ஜனவரியில், பொங்கலுக்கு முந்திய வாரம், ஒருவர் சில ஆண்டுகள் வைத்திருந்து விற்ற நைட்ரோ ஹெலிகாப்டர் ஒன்றை டிரான்ஸ்மிட்டருடன் சேர்த்து 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். நைட்ரோ என்பது நைட்ரோமெத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின் வைத்தது, எலெக்ட்ரிக் என்பது பேட்டரியில் ஓடுவது. டிரான்ஸ்மிட்டர், கையில் பிடித்து ஹெலிகாப்டரை இயக்கும் கருவி. மே மாத இறுதிக்குள் அதற்காக நான் செலவிட்ட தொகை 66,700 ரூபாய் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதங்களில் அது தரையை விட்டு எழும்பி நின்ற நேரத்தை முழுவதுமாகக் கூட்டினாலும் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் வரவில்லை. செலவையும் பறந்த நேரத்தையும் ஒரே நோட்டில் எழுதிவரும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்த வரிகளில் இருந்ததைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்பதுதான் அதிகம் வருத்தியது. இதே தேர்வின் முன் இப்போது நிற்கும் ஒருவருக்கு அந்தக் கேள்விகளாவது கிடைக்கட்டும் என்பதற்காகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். மோட்டார், பேரிங், ஷாஃப்ட் ஆகியவற்றுடன் இருபது ஆண்டுப் பழக்கம் இருப்பதால், எஞ்சின் வைத்த ஹெலிகாப்டர் எனக்கு எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். அப்போது என் முன் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, 600 மில்லிமீட்டர் பிளேடுகளும் 8.2 சிசி எஞ்சினும் கொண்ட 50 வகை நைட்ரோ. மற்றது, 325 மில்லிமீட்டர் பிளேடு கொண்ட 450 வகை எலெக்ட்ரிக். நான் படித்த அறிவுரைகளில் பெரும்பாலானவை நைட்ரோவையே பரிந்துரைத்தன. பேட்டரி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்றினால் நாள் முழுவதும் பறக்கலாம், பெரிய ஹெலிகாப்டர் காற்றில் ஆடாது என்பவை அவற்றின் வாதங்கள். அந்த அறிவுரைகள் எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று நான் பார்க்கவில்லை. பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் 2000-களின் நடுவில் பரவலாவதற்கு முன், எலெக்ட்ரிக் ஹெலிகாப்டர் உண்மையிலேயே வலுவற்ற பொருளாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து உண்மையை நான் இந்தக் காலத்து உண்மை என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே எந்த அறிவுரையைப் படித்தாலும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

ஹெலிகாப்டர் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதனுடன் இன்னும் எவையெல்லாம் வேண்டும் என்பது தெரிந்தது. எஞ்சினைச் சுழற்றிவிட எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர், அதற்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி, எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைச் சூடாக்கும் இக்னைட்டர், எரிபொருள் பம்பு, சில மாற்று பிளக்குகள் என்று 7,500 ரூபாய் போனது. எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தபோது உள்ளே மணல் அரைபடுவது போன்ற ஓர் உணர்வு இருந்தது. நெடுநாள் சும்மா கிடந்ததில் பின்பக்கப் பேரிங் துருப்பிடித்திருந்தது. தொழிலில் ஆயிரம் பேரிங்குகளைப் பார்த்தவன், வாங்கும் இடத்தில் அந்த ஷாஃப்ட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்கவில்லை. நைட்ரோ எரிபொருளில் உள்ள மெத்தனால் என்ற ஆல்கஹால் ஈரத்தை இழுக்கும். எரிந்தபின் தங்கும் கசடு அமிலத்தன்மை உடையது. அதனால் ஒவ்வொரு நாள் பறத்தல் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, குழாயில் எஞ்சியதை எரித்துத் தீர்த்து, எஞ்சினுக்குள் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருக்கவில்லை. பேரிங்கை மாற்ற 1,900 ரூபாய் ஆயிற்று. பழைய நைட்ரோவை வாங்குவோர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஷாஃப்ட்டை விரலால் மெதுவாகச் சுற்றி, அந்த அரைப்புச் சத்தம் உண்டா என்று பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

அடுத்தது எரிபொருள். இதைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கை செய்யாததுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மாடல் எஞ்சின்களுக்கான எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் இருக்கும். மீதி நைட்ரோமெத்தேன், ஹெலிகாப்டருக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 விழுக்காடு. மெத்தனாலுக்குப் பதிலாகப் பெட்ரோலை ஊற்ற முடியாது. குளோ பிளக்கில் உள்ள பிளாட்டினக் கம்பி மெத்தனால் ஆவியுடன் வினைபுரிந்துதான் இக்னைட்டரை எடுத்த பிறகும் தணலாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் மெத்தனால் நினைத்த கடையில் வாங்கக்கூடிய பொருள் அன்று. 1959-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உரிமக் கட்டுப்பாடு உடையது. ரசாயனக் கடைகள் இரண்டில் விசாரித்தபோது, உரிமம் இல்லாதவருக்குத் தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. பிறகு வெளியூர் ஹாபி கடை ஒன்றிலிருந்து கலந்து அடைத்த எரிபொருளை வரவழைத்தேன். தீப்பற்றும் பொருள் என்பதால் விமானக் கூரியரில் வராது. லாரி பார்சலில் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. காலன் கேன் இரண்டு, ஒவ்வொன்றும் 5,500 ரூபாய். நைட்ரோ வாங்க எண்ணுபவர் ஹெலிகாப்டரைப் பார்க்கும் முன்பே எரிபொருள் எங்கே கிடைக்கும், விற்பவரிடம் உரிய உரிமம் உண்டா, பில் தருவாரா, எத்தனை நாளில் வரும் என்று கேட்டு முடித்துவிட வேண்டும். வீட்டில் தாமாகக் கலக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் நஞ்சு. அது எரியும்போது சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

பிப்ரவரி இறுதியில், கிணத்துக்கடவுப் பக்கம் என் நண்பரின் தந்தையாருக்குச் சொந்தமான, கொள்ளு அறுத்த காட்டில் முதல்முறையாக எஞ்சினைக் கிளப்பினேன். அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. நைட்ரோவைக் கிளப்பும்போது ஒரு கையால் ரோட்டர் தலையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஐடில் என்னும் குறைந்த வேகத்தில் கிளட்ச் பிடிக்காது என்பதால் பிளேடு சுற்றாது. ஆனால் டிரான்ஸ்மிட்டரில், எஞ்சினை உயர்ந்த வேகத்தில் வைத்திருக்கும் ஐடில்-அப் சுவிட்சு மேலே இருந்ததை நான் கவனிக்கவில்லை. எஞ்சின் பிடித்த கணமே முழு வேகத்துக்குப் போய், கிளட்ச் பிடித்து, ரோட்டர் தலை என் கையைத் திருக ஆரம்பித்தது. அதை விட்டால் இரண்டு பிளேடுகளும் என் முகத்துக்கு எதிரே சுற்றும். மறு கையால் எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்தேன். சில நொடிகளில் எஞ்சின் நின்றது. அந்த அளவுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றினால் பிளேடு முனை மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில், அனுபவமுள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய ஹெலிகாப்டரின் பிளேடு பட்டே உயிரிழந்தார். டிரான்ஸ்மிட்டரின் ஒவ்வொரு சுவிட்சையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும் என்ற வழக்கத்தை அன்று ஏற்படுத்திக்கொண்டேன். தனியாகச் செல்வதையும் அன்றே நிறுத்தினேன். எலெக்ட்ரிக்கில் இந்த ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. அது சத்தமில்லாமல் காத்திருக்கும். பேட்டரியைச் செருகிய நொடியிலிருந்து அதை ஓடும் இயந்திரமாகவே கருத வேண்டும். செட்டிங் பார்க்கும்போது மோட்டார் வயர்களையும் பிளேடுகளையும் கழற்றிவிடுவது நல்லது.

எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு டியூனிங் என்ற தனிக் கல்வி தொடங்கியது. எரிபொருளின் அளவை நீடில் வால்வு முடிவு செய்கிறது. அதிகமானால் எஞ்சின் புகைந்து திணறும். குறைந்தால் சூடேறித் திடீரென நிற்கும். காலை ஆறு மணிக் குளிரில் சரியாக இருந்த நீடில், ஒன்பது மணி வெயிலில் சரியாக இருப்பதில்லை. அனுபவமுள்ளவர் புகையின் அடர்த்தியைப் பார்த்தும், ஒலியைக் கேட்டும், எஞ்சினின் பின்தகட்டில் விரல் வைத்து எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்த்தும் சொல்லிவிடுவார். எனக்கு அருகில் அப்படி ஒருவர் இல்லை. இயந்திரம் எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைந்தது. தொழிற்சாலையில் மோட்டாரை மேடையில் பொருத்தி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே சரிசெய்வோம். இங்கே எஞ்சின் ஆகாயத்தில் நிற்கும்போதுதான் அதன் குறை வெளிப்படுகிறது. அப்போது என் இரண்டு கைகளும் ஸ்டிக்குகளில் இருக்கின்றன. கண்ணோ ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தவிர எதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

மார்ச் இரண்டாம் வாரம் முதல் விபத்து. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஹோவரில், அதாவது நகராமல் ஒரே இடத்தில், நின்றது வலப்புறம் நகரத் தொடங்கியது. நான் திருத்தினேன். அது இடப்புறம் கூடுதலாகச் சாய்ந்து, பிளேடு மண்ணைத் தொட்டு உடைந்தது. மெயின் பிளேடு இரண்டு, மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், டெயில் பூம் என்று 6,400 ரூபாய். உதிரிகள் வர மூன்று வாரம். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நண்பரின் தந்தையார் வரப்பிலிருந்து இறங்கி வந்து, "ஏனுங்க தம்பி, இப்ப எதனால விழுந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எஞ்சின் திணறியதா, டெயில் திரும்பிவிடாமல் பிடித்துவைக்கும் கைரோ சரியாக அமையவில்லையா, என் விரல் தவறியதா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

அந்தக் கேள்வியிலேயே தொடக்கநிலையாளருக்கான விடையும் இருக்கிறது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். நைட்ரோ ஒரே நேரத்தில் இரண்டு கல்விகளைக் கேட்கிறது. பறக்கத் தெரிந்தவருக்கு எஞ்சின் கோளாறு கோளாறாகத் தெரியும். எஞ்சின் தெரிந்தவருக்குப் பறத்தலின் பிழை பிழையாகத் தெரியும். இரண்டும் தெரியாதவர் விழுவதால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த முறையும் அதே காரணத்தால் விழுகிறார். எனக்கு அப்படித்தான் நடந்தது. மே மாத வெயிலில் ஒருநாள், நான்கு மீட்டர் உயரத்தில் மெல்ல முன்னோக்கிச் செலுத்திக்கொண்டிருந்தபோது எஞ்சின் நின்றது. அந்த வெப்பத்தில் நீடில் குறைவாக இருந்திருக்கிறது. எஞ்சின் நின்றால் பிளேடின் கோணத்தைக் குறைத்து, இறங்கும் காற்றில் ரோட்டரைச் சுற்றவிட்டு, தரைக்கு அருகில் மட்டும் கோணத்தை ஏற்றி இறக்க வேண்டும். ஆட்டோரொட்டேஷன் என்பது அதுதான். நான் அச்சத்தில் முதலிலேயே ஸ்டிக்கை மேலே தள்ளிக் கோணத்தை ஏற்றிவிட்டேன். ரோட்டர் வேகம் இழந்து, ஹெலிகாப்டர் கல் விழுவதுபோல் விழுந்தது. 7,900 ரூபாய். வீட்டில் இந்தத் தொகையை உடனே சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. பத்து நாள் கழித்தே சொன்னேன்.

ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது எதற்காகவோ அதே காரணத்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மீதமிருந்த கேனும் மூடி சரியாக இறுகாமல் ஈரம் ஏறி வீணாகியிருந்தது. அந்த மாதம்தான் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்த வாரத்தில் எரிபொருளுக்காக யாரிடமும் பேச எனக்கு மனம் வரவில்லை. நைட்ரோவைப் பெட்டியில் வைத்தேன்.

அந்த நான்கு மாதங்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம், இருந்த டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் இணைத்து, 6,000 ரூபாய் செலவில், திரையிலேயே பறக்கப் பழகும் சிமுலேட்டர் வாங்கியது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் இரண்டு விபத்துகளின் 14,300 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம், மொத்தம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் பழகினேன். வால் நம்மை நோக்கியிருக்கும் ஹோவர் நான்கைந்து நாளில் வந்துவிடும். பக்கவாட்டில் நிறுத்துவதற்கு இரண்டு வாரம் ஆகும். மூக்கு நம்மை நோக்கியிருக்கும்போது இடம் வலம் மாறிவிடுவதால், அதற்கு மட்டும் எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. சிமுலேட்டரில் வேடிக்கைக்காகத் தலைகீழாகப் பறக்கவிடும் ஆசை எழும். அதைத் தள்ளிவைத்து, ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நிறுத்துவதை மட்டும் பயிலுங்கள். எட்டுத் திசையிலும் அது கைவந்த பிறகு உண்மையான ஹெலிகாப்டரைத் தொட்டால் போதும்.

அக்டோபரில் காற்று அடங்கியதும், பழைய 450 வகை எலெக்ட்ரிக் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2,200 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள மூன்று செல் லிப்போ பேட்டரிகள் நான்கு 8,800 ரூபாய். எல்லா செல்களையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் 4,500. தீத்தடுப்புப் பை 500. ஆக 31,800 ரூபாய். குச்சிகளின் முனையில் பந்துகள் கொண்ட பயிற்சிக் கால்களை அடியில் கட்டிக்கொண்டேன். முதல் காலையில் பேட்டரியைச் செருகி, பத்தடி பின்னால் நகர்ந்து, ஸ்டிக்கை உயர்த்தினேன். அது எழும்பி நின்றது. எழும்புவதற்கு முன் நான் ஒரு திருகையும் தொட வேண்டியிருக்கவில்லை. அன்று நான்கு பேட்டரிகளும் தீரும்வரை, இருபது நிமிடம் முழுவதும் பறத்தலைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய ஒன்பது மாதங்களில் அப்படி ஒரு இருபது நிமிடம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பேட்டரி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்ளும் நிலையில் ஐந்து நிமிட ஹோவருக்குப் பிறகு மனம் களைத்துவிடுகிறது. என் விபத்துகளில் பெரும்பாலானவை நான்காம் நிமிடத்துக்குப் பின் நடந்தவை. அந்த இடைவெளி தொடக்கநிலையாளருக்கு நன்மையே. லிப்போவுக்கும் தனி ஒழுக்கம் வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட், முழுவதும் வற்றவிடாமல், ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். அதற்காக டிரான்ஸ்மிட்டரில் டைமர் வையுங்கள். சில நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட வேண்டும். இதை அறியாமல், முழு சார்ஜில் மூன்று வாரம் வைத்திருந்த ஒரு பேட்டரி உப்பிவிட்டது. 2,200 ரூபாய் போனது. சார்ஜ் ஏறும்போது அறையை விட்டு நகரக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது. விழுந்து அடிபட்ட பேட்டரியை அன்றே வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே ஒரு மண்சட்டியில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

பெரிய ஹெலிகாப்டர் காற்றில் நிதானமாக நிற்கும் என்ற பழைய அறிவுரையும் தவறன்று. என் 450 வகை சற்றுத் தொலைவு போனாலே எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிவதில்லை. 50 வகை அப்படியன்று. ஆனால் சிறியது விழும்போது செலவும் சிறியது. அக்டோபர் முதல் 2025 ஜூன் வரை 190 முறை பறக்கவிட்டிருக்கிறேன். ஏறக்குறைய பதினாறு மணி நேரம். ஆறு முறை விழுந்தேன். ஆறுக்கும் சேர்த்து உதிரிச் செலவு 5,200 ரூபாய். ஒவ்வொரு முறையும் எதனால் விழுந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. ஐந்து முறை விரல் பிழை, ஒருமுறை பிளேடின் கோணத்தை மாற்றும் சர்வோ மோட்டாரின் லிங்க் கழன்றது. பணம் அனுமதித்தால், பழகிய பிறகு இன்னும் பெரிய எலெக்ட்ரிக்கை வாங்குவது கண்ணுக்கும் கைக்கும் எளிது.

நைட்ரோவை நான் வெறுக்கவில்லை. அதன் புகையும் ஒலியும், டேங்கை நிரப்பி உடனே மறுபடி எழுப்பும் வசதியும் எலெக்ட்ரிக்கில் கிடைக்காது. உங்கள் ஊரில் நைட்ரோ ஓட்டும் ஒருவர் வாரந்தோறும் பக்கத்தில் நின்று நீடிலைச் சரிசெய்து தருவார் என்றால், எரிபொருளும் முறையாகக் கிடைக்கும் என்றால், அதையே முதலில் வாங்கினாலும் நான் மறுக்க மாட்டேன். அந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எலெக்ட்ரிக்கை எடுங்கள். எதை எடுத்தாலும் இடத்தை முன்பே பார்த்துவிடுங்கள். 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப் படைத் தளமும் இருப்பதால்தான் நான் இருபது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக் கிணத்துக்கடவுக்குப் போகிறேன். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மண்டலங்களை, டிரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பார்க்கலாம்.

சென்ற மாதம், பல ஆண்டு நைட்ரோ ஓட்டிய பெரியவர் ஒருவரின் அறிமுகம் கிடைத்தது. காற்று அடங்கியதும் காட்டுக்கு வந்து எஞ்சினைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மாதத்தின் முதல் ஞாயிறன்று பெட்டியைத் திறந்து, எஞ்சினுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பார்க்கிறேன். மாற்றிய பேரிங் இன்னும் சத்தமில்லாமல் சுழல்கிறது.